குடவோலையும் ஒரு பழைய ஐபோனும்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் கல்வெட்டு பார்க்கப் போகிறவர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில் சகிதம் வந்து, சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, 'அந்தக் காலத்திலேயே எலெக்‌ஷன் ஸார்!' என்று வியந்துவிட்டுப் போவார்கள். இரண்டாவது ரகம் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறவர்கள். ஊரில் கல்வெட்டு இருப்பதே தெரியாமல் பாயசத்தை முடித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்து விடுவார்கள்.

நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. ஒரு பழைய ஐபோன் தேறுமா, தேறாதா என்று சொல்லப் போனேன்.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். செங்கல்பட்டு வழியாகவும் போகலாம், காஞ்சிபுரம் வழியாகவும் போகலாம். நான் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சரித்திரக் காரணம் எதுவும் இல்லை; காஞ்சிபுரம் இட்லிதான் காரணம். மிளகும் சுக்கும் தொண்டையில் இறங்கிக் கொண்டிருக்கும்போதே பஸ் பாலாற்றைத் தாண்டியது. ஆறு என்று போர்டு வைத்திருப்பதால் ஆறு என்று நம்ப வேண்டியிருக்கிறது. அப்புறம் இரண்டு பக்கமும் வயல், ஏரி, மறுபடி வயல், ஒரு கல்யாண மண்டபம், மறுபடி ஏரி.

எதிரே வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைகளை ஒவ்வொரு கிராமமாக இறக்கிவிட்டுப் போகின்றன. ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்குகிற முகங்கள். எல்லாருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

அந்த முகங்களில் ஒன்று என் சித்தப்பா மகன்.

இந்த மாவட்டத்துக்கும் செல்போனுக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசேஷமானது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஆரம்பித்தது. பட்டன் வைத்த போன்களைக் கோடிக்கணக்கில் செய்து தள்ளிவிட்டு, 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தபோது பாக்ஸ்கான்காரர்கள் அதே வட்டாரத்தில் ஐபோன் பூட்ட ஆரம்பித்தார்கள். 2021ல் உலகத்துக்கு வந்த ஐபோன் 13, 2022 ஏப்ரலிலிருந்து ஸ்ரீபெரும்புதூரிலும் தயாரானது. அதாவது உலகத்திலேயே விலை உயர்ந்த போன்களில் ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்தின் குடிசைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. வந்தபோது 128 ஜிபி மாடலின் விலை 79,900 ரூபாய். அதே மாவட்டத்தில், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஒரு பையனுக்கு அதைக் கையில் வாங்கிப் பார்க்க, அது இரண்டாம் கைக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. பட்டு நெய்கிறவர் வீட்டில் பட்டுப்புடவை இல்லாத ஊர்தானே இது! இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தம்பிக்கு போன் பந்தாவுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கல்யாண வீடியோ எடுக்கிறான். பெரிய காமிராக்காரர்கள் எடுப்பது ஆல்பத்துக்கு. இவன் எடுப்பது அன்றைக்கே மாப்பிள்ளை தன் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ள. தாலி கட்டி அரை மணிக்குள் பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுவான். ஆனால் கையிலிருந்த போனில் எடுத்தால் மண்டப வெளிச்சத்தில் மணப்பெண் மஞ்சள் காமாலை வந்த மாதிரி தெரிகிறாள். இரண்டு ஆர்டர் அப்படிக் கைநழுவிவிட்டது.

பணம் 25,000. சித்தி சீட்டுப் பிடித்த பணம். இரண்டு மாடு கறந்து, பால் சொசைட்டியில் ஊற்றி, பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற பணத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டு. மாட்டுக் கொட்டகைக்கு ஷீட் போட வைத்திருந்தது. "அண்ணன் வந்து பாத்து சரின்னா குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆபீஸில் நாலு பேருக்கு போன் வாங்கிக் கொடுத்த புகழ் ஊர் வரைக்கும் பரவியிருக்கிறது. 25,000 ரூபாய்க்கு நான் ஜவாப்தாரி!

முதல் போன்காரர் பத்து மணிக்குக் கடைவீதிக்கு வரச் சொல்லியிருந்தார். பதினொன்றுக்கும் வரவில்லை. "ண்ணா, அதுக்குள்ள கோயில பாத்துட்டு வந்துடலாம்" என்றான் தம்பி. ஊர்க்காரன், கோயிலுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறதாம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். பெரிய கோபுரம், யானை எல்லாம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். தொல்லியல் துறை பராமரிக்கிற சின்ன, அமைதியான இடம். சுவர் முழுக்க எழுத்து. எட்டாம் நூற்றாண்டில் பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் உண்டான சதுர்வேதிமங்கலம் இது. பிறகு சோழர் கைக்கு வந்தபோது, முதலாம் பராந்தகன் ஆட்சியில், 919லும் 921லும் ஊர்ச்சபை கூடி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிமுறைகளை எழுதி வைத்துவிட்டது. 2020 டிசம்பரில் புதிய பார்லிமெண்ட் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேசினாரே, அந்தக் கல்வெட்டு இதுதான்.

விதிமுறையைப் படித்தால் (நான் படித்தது அச்சில், கல்லில் படிக்க என் கண்ணும் போதாது, தமிழும் போதாது) நம் ஆபீஸ் பர்சனல் டிபார்ட்மெண்ட் தோற்றுவிடும். ஊரில் 30 குடும்பு, அதாவது வார்டு. தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த ஓலையை மத்யஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையைச் சொருகி வைத்திருந்தால்? அதற்குத்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்மவர்களைப் பற்றி நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஊரில் எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் கிடையாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை அது. என் சித்தப்பா வகையறா அன்றைக்கு இருந்திருந்தால் குடம் வனைந்திருப்போமே தவிர, குடத்துக்குள் பெயர் போயிருக்காது. அது இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். குடத்தில் பெயர் போடுவதற்கு முன்னால் நடக்கிற வடிகட்டல் இருக்கிறதே, அது அப்படியே பழைய போன் வாங்குகிற சாஸ்திரம்.

வயது: 919ல் 30க்கு மேல் 60க்குள் என்று வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் 35க்கு மேல் 70க்குள் என்று மாற்றிவிட்டார்கள். (அப்டேட்!) போனுக்கும் வயது பார்க்க வேண்டும். நம் கைக்கு எப்போது வந்தது என்பது கணக்கில்லை. மாடல் பிறந்த வருஷத்திலிருந்து எண்ண வேண்டும். அதன்பிறகு இன்னும் எத்தனை காலம் கம்பெனி சாப்ட்வேர் அனுப்பும் என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, 2019ல் பிறந்த ஐபோன் 11 வரைக்கும் இறங்கியது. அதற்கு முந்தைய எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் எல்லாம் வெளியே. சாம்சங்கில் 2024ன் எஸ்24 முதற்கொண்டு ஏழு வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். 2021ன் எஸ்21க்கு அந்த யோகம் இல்லை, நாலு பெரிய அப்டேட்டோடு சரி. அப்டேட் நின்ற போன் உடனே செத்துவிடாது. ஆனால் ஒருநாள் பேங்க் ஆப் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சொந்த மனை: உறுப்பினர் தன் சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும். போனுக்குச் சொந்த மனை, பில்லும் பெட்டியும். பில்லில் இருக்கிற பெயரும் விற்கிறவர் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் என்ன உறவு என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பிறர் பொருளை அபகரித்தவன் வாரியத்துக்கு ஆகாது. கள்ளக் கையெழுத்துப் போட்டவன் ஆகாது. ஏற்கெனவே பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் ஆகாது. அவன் மட்டுமில்லை, அவனுடைய மாமன், மைத்துனன், மருமகன் என்று நெருங்கிய சொந்தமெல்லாம் ஆகாது! போனில் இதற்கெல்லாம் ஒரே பரிட்சைதான். ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கிற எண்தானா என்று பாருங்கள். பிறகு கேஒய்எம் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து, ஒரு இடைவெளி, அந்த எண் என்று அடித்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய சர்க்காரின் சஞ்சார் சாத்தி ஏற்பாடு. 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. தடை செய்யப்பட்டது என்றோ, ஒரே எண் பல போனில் இருக்கிறது என்றோ பதில் வந்தால் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்பட நியாயமிருந்தோ வாங்கினால் வாங்கியவர் மீதும் கேஸ் உண்டு. முன்பு இ.பி.கோ. 411, 2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதாவில் 317.

பதினொன்றே முக்காலுக்கு முதல் போன்காரர் வந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"பாஸ், செம பீஸு. 13. மாப்ள யூஸ் பண்ணது. பாட்டரி பாருங்க, நூறு பர்சண்ட்!"

விலை 23,000. தம்பியின் கண்ணில் மண்டபமே தெரிந்தது.

நாலு வருஷத்துக்கு முந்தைய மாடலில் பாட்டரி நூறு என்பது அறுபது வயதுக்காரர் தலையில் ஒரு நரை இல்லாத மாதிரி. ஒன்று விக், இல்லாவிட்டால் சாயம். பாட்டரியை மாற்றியிருக்கலாம், வெறும் எண்ணை மட்டும் மாற்றிக் காட்டுகிற கருவிகளும் பஜாரில் உண்டு. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போனால் எந்தப் பாகம் மாற்றியிருக்கிறது என்று ஐபோன் தானே ஒப்புக்கொள்ளும். பாட்டரி, திரை இரண்டுக்கும் நேரே, இன்ன பாகம் என்று தெரியவில்லை என்று இருந்தது. சிம் தட்டை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். தண்ணீர் பட்டால் சிவக்கிற ஒரு சின்ன ஒட்டுத்துணுக்கு அங்கே இருக்கும். வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரமாக, செட்டிங்ஸ் உச்சியில் யாரோ ஒருவர் பெயர். மாப்பிள்ளை பெயரும் இல்லை, இவர் பெயரும் இல்லை.

"இந்த ஐடியை லாக்-அவுட் பண்ணிட்டு, எங்க எதிரிலேயே மொத்தமும் அழிச்சுக் குடுங்க."

"ஓனர் துபாய்ல இருக்காரு பாஸ். பாஸ்வேர்டு ஈவ்னிங் வாட்ஸப்ல வந்துரும். நீங்க அமௌண்ட மட்டும் குடுத்துட்டுப் போங்க."

இந்த இடத்தை மட்டும் ஆபீஸ் நண்பர்கள் மனப்பாடம் செய்து கொள்ள வேண்டும். பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கு நீங்காத ஐபோனை என்ன அழித்தாலும், திரும்ப உயிர் வந்ததும் அவருடைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும். பூட்டின வீட்டைச் சாவியில்லாமல் வாங்கிய கதை. வீடாவது பூட்டை உடைக்கலாம். இதை உடைக்க முடியாது. பணம் கைமாறுவதற்கு முன்னால் போன் 'ஹலோ' என்று பிறந்த குழந்தையாய் விழிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் பேச்சு.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம். தம்பிக்கு என் மேல் கோபம். வழியெல்லாம் பேசவில்லை.

மத்தியானம் சித்தி வீட்டில் கீரைக் கூட்டும் மோர்க்குழம்பும். இலையைப் பார்த்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். சித்திக்கு ஐஎம்இஐயும் தெரியாது, ஆப்பிள் கணக்கும் தெரியாது. நிதானமாகக் கேட்டுவிட்டு, "மாடு வாங்கறாப்லதான்" என்றாள்.

"நீ எப்படி வாங்குவ சித்தி?"

"பல்லப் பாப்பேன். சுழி பாப்பேன். நாலு எட்டு நடக்கவுட்டுப் பாப்பேன். ரெண்டு வேள என் கையால கறந்து பாத்துட்டுத்தான் துட்டு. காலையில ஒரு வேள கறந்து காட்டினான்னா நம்பக்கூடாது. முந்தின நாள் சாயங்காலம் கறக்காம மடியில சேத்து வச்சிருப்பான். எல்லாத்துக்கும் மேல ஒண்ணு கேப்பேன். இவ்ளோ நல்ல மாட்ட இன்னாத்துக்குடா விக்கற?"

ஆயிரம் யூட்யூப் வீடியோ பார்த்தாலும் இந்தக் கடைசிக் கேள்வி கிடைக்காது. பாட்டரியையும் திரையையும் பார்க்கிற நாம், விற்கிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை. பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பவன், தீவனம் போட முடியவில்லை என்பவன், கை கறவைக்கு அடங்கவில்லை என்பதை மறைக்கிறவன் - ஒவ்வொருத்தன் கண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்கிறாள் சித்தி.

இரண்டாவது போன் சாயங்காலம். விற்கிறவர் உள்ளூர்க்காரர், செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் வேலை. வீட்டுக்கே கூப்பிட்டார். அதுவே ஒரு நல்ல சகுனம். திருட்டுப் பொருள் விற்கிறவன் விலாசம் தர மாட்டான். பில் இருந்தது. 2022ல் வாங்கியது. பெயர் சரி. ஐஎம்இஐ சரி. எஸ்.எம்.எஸ். பதில் சரி. ஓரத்தில் ஒரு கீறல்; அவரே காட்டினார். பாட்டரி 81. அதையும் அவரே சொன்னார். சித்தியின் கேள்வியை அப்படியே கேட்டேன், கொஞ்சம் நாகரிகமாக.

"ஒய்ஃபுக்குப் புதுசு வாங்கினேன் ஸார். அவங்க எனக்குத் தன்னோடதைத் தள்ளிட்டாங்க. அது இதைவிடப் புதுசு. இது சும்மா கிடக்கு" என்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் சிரித்தது கேட்டது. ருசு கிடைத்துவிட்டது.

பல்லும் சுழியும் பார்த்தாயிற்று. இனி நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். அவரையும் அழைத்துக்கொண்டு மூவருமாக ஏரிக்கரைக்குப் போனோம்.

உத்திரமேரூர் ஏரியை நீங்கள் பார்க்க வேண்டும். வயிரமேக தடாகம் என்று கல்வெட்டில் பெயர். கரையில் நின்றால் எதிர்க்கரை தெரிவதற்குக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. குடவோலையில் தேர்ந்தெடுத்தவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். இந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதே அவர்கள் வேலை. இன்னொரு ஆறு பேர் பொன் வாரியம். பதவிக் காலம் 360 நாள். தங்கம் தங்கம்தானா என்று ஊருக்காகப் பார்த்துச் சொல்ல அன்றைக்கு ஒரு வாரியமே இருந்திருக்கிறது. இன்றைக்கு அந்த வேலையைச் சித்தப்பா மகனுக்காக நான் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், சம்பளமில்லாமல்.

தம்பி சூரியனுக்கு எதிராக வைத்து எடுத்தான். நிழலில் எடுத்தான். நடந்துகொண்டே கொக்குக் கூட்டத்தை எடுத்தான். முன் காமிரா, பின் காமிரா, இரண்டு சிம், ஸ்பீக்கர், மைக், சார்ஜ் ஏறுகிறதா, முகத்தைப் பார்த்தால் பூட்டுத் திறக்கிறதா - எல்லாம் ஒரு மணி நேரம். திரையில் ஒரு ஐகானை விரலால் அழுத்திப் பிடித்து மூலை முடுக்கெல்லாம் இழுத்துப் பாருங்கள். எங்காவது பிடி நழுவினால் அங்கே தொடு உணர்ச்சி போயிருக்கிறது. பளிச்சென்று வெள்ளைப் படம் ஒன்றை வைத்தால் திரையில் பழைய தழும்பு தெரியும். இங்கே ஒன்றும் இல்லை. ஒரு மணி நேர வீடியோ கூத்தில் சார்ஜ் எவ்வளவு இறங்கியது என்றும் பார்த்தேன். 81க்குத் தகுந்த மாதிரிதான் இறங்கியது. முழு நாள் கல்யாணத்துக்குத் தாங்காது.

ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினாலும் பாட்டரி 80 சதம் மிஞ்சும்படி செய்திருப்பதாக ஆப்பிள் கணக்கு. ஆக, 81 என்பது ரிடையர்மெண்டுக்கு முந்தைய மாதம். சீக்கிரம் மாற்றத்தான் வேண்டும். அதை வைத்துத்தான் பேரம். அவர் கேட்டது 26,000. புதுப் பாட்டரியைக் கழித்து, கீறலைக் கழித்து, அந்த அம்மாள் உள்ளேயிருந்து "குடுத்துடுங்களேன், சின்னப் பையன்" என்று சொன்னதற்கும் சேர்த்துக் கழித்து, 22,000ல் முடிந்தது.

எங்கள் எதிரிலேயே கணக்கை நீக்கினார். அழித்தார். போன் கறுத்து, வெளுத்து, பல பாஷைகளில் 'ஹலோ' சொன்னது. ஒரு வெள்ளைத் தாளில் தேதி, ஐஎம்இஐ, தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து. பில்லும் பெட்டியும் கைக்கு வந்தன. இவ்வளவு சம்பிரதாயம் பார்த்ததற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல பொருளை விற்கிறவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

உத்திரமேரூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மூன்று தளத்தில் பெருமாள் கீழே நின்று, நடுவில் உட்கார்ந்து, மேலே படுத்திருக்கிறார். மூன்று ஷிப்ட் பார்க்கிற கம்பெனிப் பிள்ளைகளுக்கு ரொம்ப நெருக்கமான தெய்வம் என்று தம்பி சொன்னான். கோபம் தணிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் சித்தி போனைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, காதருகே வைத்து ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். எதுவும் கடகடக்கவில்லை. திருப்தி. மிச்சம் 3,000 ரூபாயைத் தம்பி சட்டைப் பைக்குள் தள்ளப் போனவன், அவள் நீட்டிய கையைப் பார்த்து நிறுத்தினான்.

"ண்ணா, கவர் வாங்கணும், டெம்பர் கிளாஸ் போடணும்..."

"பாட்டரி மாத்தணும்னு அண்ணன் சொல்லல? அது இதுல" என்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். "மொத ஆர்டர் துட்டு வரட்டும், கவர் போட்டுக்கலாம். கொட்டாய்க்கு ஷீட்டும் நீதான் போடற."

அடுத்த முகூர்த்தம் எப்போது என்று தம்பி காலண்டரைக் கிழிக்காமல் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.